குரங்குக்குக் காற்றுத் துப்பாக்கியா? வாங்குமுன் சில விடயங்கள்

பலா காய்க்கும் காலத்தில் பன்வில, கலஹா, தெல்தோட்டை, திகன என்று எந்தப் பக்கம் போனாலும் எமக்கு முதலில் காட்டப்படுவது மரத்தடியில் சிதறிக் கிடக்கும் சுளைகள்தான். குரும்பையிலேயே உதிர்ந்த தேங்காய், ஒரு கடி கடித்து எறியப்பட்ட கொய்யா, வேரோடு இழுபட்ட மரவள்ளி எல்லாம் அதற்குப் பிறகு வரும். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்து, உறவினர் நிலத்திலோ குத்தகை நிலத்திலோ கால் ஏக்கர் செய்யும் குடும்பத்துக்கு இந்த நட்டம் சிறியதல்ல. பழைய ஊரில் பத்து மரம் வைத்திருந்தவருக்கு இங்கே இரண்டு மரம். அதில் ஒன்று குரங்குக்குப் போனால் அந்த மாதக் கடைக்கணக்கே கவிழ்ந்துவிடும். 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனியவையும் அதைச் சுற்றிய வயல்களையும் விட்டு எழுந்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுக் காணியில் நட்ட பலா பலன் தர ஐந்தாறு வருடம் போகும். அந்த முதற் காயைக் கண்டதும் குரங்குக் கூட்டம் வந்து நிற்கும்.

இத்தகைய பேச்சுக்களின் நடுவே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "எயார் பிஸ்டல் ஒன்று வாங்கினால் என்ன? பொடியன்கள் பேணியை வைத்துக் குறிபார்த்துப் பழகட்டும், குரங்கையும் அணிலையும் விரட்டினதாகவும் இருக்கும்" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு ஒற்றை வரியில் ஆம், இல்லை என்று சொல்லாமல், கருவியையே கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம்.

நாடே தடுமாறும் விடயம்

இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. 2023 ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அப்போதைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். சூழல் அமைப்புகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. அதே ஆண்டு யூன் மாதத்தில், குரங்குகள் அனுப்பப்பட மாட்டா என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலையில், நாடு முழுவதும் ஐந்து நிமிட நேரம் அவரவர் தமது வளவில் கண்ட குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணிப் படிவத்தில் எழுதினார்கள். செங்குரங்குகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் என்று பின்னர் கூறப்பட்டது. ஒரே கூட்டத்தை மூன்று வீட்டார் எண்ணியிருக்கலாம் அல்லவா என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். எமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆயினும் மரத்தடியில் கிடக்கும் சுளைக்குக் கணக்கெடுப்புத் தேவையில்லை.

செங்குரங்கு இலங்கைக்கே உரிய இனம். பொலன்னறுவையில் 1968 முதல் இதனை ஆராய்ந்துவந்த வொல்ஃப்காங் டிட்டஸ் என்பவரின் குழுவினர், குப்பையும் சோறும் இலகுவில் கிடைக்கும் கூட்டங்கள் காட்டில் தேடி உண்ணும் கூட்டங்களைவிடப் பெருகுவதைக் கண்டார்கள். கண்டி நகரின் குப்பைத் தொட்டிகளையும், உடவத்தகெலே காட்டோரத்து வீட்டுக் கூரைகளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கருவியின் உள்ளே

எயார் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. அமுக்கப்பட்ட காற்றோ வாயுவோ ஒரு சிறு ஈயக் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. பெரும்பாலும் காணப்படும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். 5.5 மில்லிமீற்றரும் உண்டு. காற்றை அமுக்கும் முறையில்தான் வகைகள் பிரிகின்றன.

சுருள்வில் வகையில் குழலை மடித்து இழுத்தால் உள்ளே வில் இறுகும். வேறு செலவில்லை. ஆனால் சுடும்போது வில்லின் உதைப்பில் கை ஆடும். புதியவருக்குக் குறி தவறுவது இதனால்தான். காபனீரொட்சைட்டு வகைக்கு 12 கிராம் கொண்ட சிறு உருளை போடவேண்டும். சுட இலகு, உதைப்புக் குறைவு. ஆனால் சில பத்துத் தடவைகளுக்குள் உருளை முடிந்துவிடும். கிராமத்தில் இருந்துகொண்டு அதைத் தேடி அலைவது யார்? அதோடு வாயுவின் அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்தது. மார்கழிக் குளிரில் தெல்தோட்டை மலையில் காலை ஆறு மணிக்குச் சுடும் குண்டுக்கும் மதிய வெயிலில் சுடும் குண்டுக்கும் வேகம் ஒன்றாயிராது. மூன்றாவது, ஒரே ஒரு தடவை கையால் அமுக்கிக் காற்றை அடைக்கும் வகை. வேகம் குறைவு, ஆனால் ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் போகும். முன்கூட்டியே காற்று நிரப்பிய உருளையுடைய போட்டித் துப்பாக்கிகளும் உண்டு. அவற்றின் விலையும், காற்று நிரப்பும் பம்பின் விலையும் எம் போன்றோரின் கைக்கு எட்டாதவை.

குறிபார்த்துப் பழகுவது ஒன்றே நோக்கமானால் மூன்றாவது வகையையே நாம் சிறந்ததெனச் சொல்வோம். அதில் 4.5 மில்லிமீற்றர் குண்டு, பிடிப்பவரின் உள்ளங்கைக்கு அடங்கும் கைப்பிடி, நகர்த்திச் சரிசெய்யக்கூடிய குறிகாட்டி ஆகியவை இருந்தால் போதும். "வேகம் கூடியது" என்று கடைக்காரர் சொல்வதற்கு மயங்கவேண்டாம். 10 மீற்றர் எயார் பிஸ்டல் 1988 முதல் ஒலிம்பிக்கில் உள்ள விளையாட்டு. அதில் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், சட்டைப் பொத்தான் அளவு. 2024 இல் பரிஸ் நகரில் இந்தியாவின் மனு பாக்கர் இதிலே வெண்கலம் பெற்றார். எமது நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் கலந்துகொண்டார். கையை அடக்கி, மூச்சை அடக்கிச் செய்யவேண்டிய கலை இது. ஒரு பொடியனுக்கு இதில் உண்மையான ஆசை இருந்தால், வளவில் தனியே விடாமல், முறையான சங்கத்தில் பயிற்றுநரின் கண்காணிப்பில் பழக வழிபார்ப்பதே நல்லது.

வளவில் பேணியை வைத்துச் சுடுவதிலும் கவனம் வேண்டும். கல்லிலும் தகரத்திலும் பட்ட குண்டு திரும்பி வரும். மண் நிரப்பிய சாக்கு அடுக்குக்கு முன்னால் காகித இலக்கை வைப்பதே பாதுகாப்பு. நிற்பவர் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும். கண்ணில் பட்ட குண்டு கண்ணை எடுத்துவிடும். குண்டு ஈயம் என்பதால் வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடாது, தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் இலக்கு வைப்பதும் சரியல்ல.

குரங்கின் மேல் என்ன நடக்கும்?

இங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. 4.5 மில்லிமீற்றர் குண்டின் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். சாதாரண எயார் பிஸ்டலில் அது செக்கனுக்கு 120 மீற்றர் அளவில் போகும். அதன் சக்தி மூன்றரை யூல் மட்டில்தான். அதே குண்டை ஒரு எயார் ரைபிள் 250 மீற்றர் வேகத்தில் அனுப்பினால் சக்தி பதினைந்து யூலைத் தாண்டும்; நான்கு மடங்குக்கு மேல். பிஸ்டலின் வில்லும் குழலும் சிறியவை. அதை எந்தக் கம்பனி செய்தாலும் இந்த வித்தியாசம் போகாது.

மூன்றரை யூல் தகரப் பேணியை ஓட்டையாக்கும். மூன்று முதல் ஆறு கிலோ நிறையுள்ள செங்குரங்கை அது கொல்லாது. தோலுக்குள் புகுந்து நிற்கும். காயம் புழுத்து, குட்டியைச் சுமக்க முடியாமல், நாட்கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். அல்லது ஒரு கண் இழந்து அதே வளவுக்குத் திரும்பி வரும். ஒன்றரை, இரண்டு கிலோ மர அணிலுக்கும் நிலைமை இதுவே. கூட்டம் ஓடுவது குண்டுக்காக அல்ல, ஆள் வந்த சத்தத்துக்காக. வெறுந்தகரத்தைத் தட்டினாலும் அவ்வளவு தூரம் ஓடும். குண்டு படாவிட்டால் சில நாட்களில் துப்பாக்கியையும் அது பழகிக்கொள்ளும். குரங்கை அனுமார் என்று கும்பிடுகிறவர்களும், உயிரைக் கொல்வது பாவம் என்கிற பௌத்த அயலவரும் வாழும் ஊரில், இரத்தம் வடியும் குரங்கு ஒன்று அடுத்த வீட்டுக் கூரையில் ஏறி உட்கார்ந்தால் என்ன பேச்சு வரும் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

கண்டியின் நில அமைப்பும் இதற்கு உதவாது. எமது வீடுகள் சரிவில் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழ் வீட்டின் கூரையும் மேல் வீட்டின் முற்றமும் ஒரே மட்டம். மரத்திலிருக்கும் குரங்கை நோக்கிச் சுடும் குண்டு மேலே போகிறது. தவறினால் அது எங்கே போய் விழும் என்பது சுட்டவருக்குத் தெரியாது. மேல் முற்றத்தில் ஒரு பிள்ளை நிற்கலாம்.

களஞ்சியத்து எலிக்காவது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். நாலைந்து மீற்றரில், கை தேர்ந்தவருக்கு ஆகலாம். ஆனால் எலி வருவது இருட்டில். ஒரு எலியைக் காத்திருந்து சுடும் நேரத்தில் நாலு எலிப்பொறி வைத்து நிம்மதியாகத் தூங்கலாம். காட்டுப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

கையில் இருப்பது என்ன என்று யார் பார்ப்பது?

இந்த விடயத்தை இடம்பெயர்ந்த குடும்பங்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக யோசிக்கவேண்டும். கடையில் விற்கும் எயார் பிஸ்டல்களில் பல, உண்மையான கைத்துப்பாக்கியின் அச்சிலேயே வார்க்கப்பட்டவை. பத்தடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சோதனைச் சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் கண்டு வந்தவர்கள் நாம். அடையாள அட்டையில் வேறு ஊர், வீட்டில் வேறு மொழி, அலுமாரியில் கைத்துப்பாக்கி போன்ற ஒரு பொருள்: இதைக் கண்டவர் முதலில் என்ன நினைப்பார் என்பதை எழுதவேண்டியதில்லை. நீண்ட குழலுடைய எயார் ரைபிளைத் தோட்டத்துக்கு என்றாவது சொல்லலாம். பிஸ்டலுக்கு அந்தச் சமாதானமும் எடுபடாது.

சட்டமும் ஒன்றல்ல. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டம் 1907 முதலே உண்டு. எந்த விலங்குக்குப் பாதுகாப்பு உண்டு, எதற்கு இல்லை என்பது இனத்துக்கு இனம் வேறுபடும். ஒரே பலா மரத்தில் செங்குரங்கும் கறுத்த முகமுள்ள மந்தியும் சேர்ந்து இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். தேநீர்க் கடையில் "இப்போது எல்லாம் சுடலாம்" என்று சொல்லப்படுவதை நம்பிக் காசைக் கொடுக்கவேண்டாம். காற்றுத் துப்பாக்கி எதையேனும் வாங்க நினைப்பவர் முதலில் பொலிஸ் நிலையத்துக்கும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கும் சென்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். எழுத்தில் தரமாட்டோம் என்றால், அதுவே பதில்.

அந்தக் காசுக்கு வேறென்ன செய்யலாம்?

தனித்து நிற்கும் தென்னைக்குத் தகரப் பட்டி கட்டுவதை நாம் முதலில் சொல்வோம். இரண்டடி அகலமான வழுவழுப்பான தகரத்தை, நிலத்திலிருந்து ஆறடிக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டினால் எலிக்கும் அணிலுக்கும் பிடி கிடைக்காது. ஆனால் பக்கத்து மரத்தின் கிளையோ ஓலையோ தொட்டுக்கொண்டிருந்தால் பட்டியால் பயனில்லை. மர அணில் கிளைக்குக் கிளை தாவி வருவது. ஆகவே கத்தி வேலை முதலில், தகரம் பிறகு. மரம் பருக்கும்போது பட்டி இறுகாமல் வருடத்துக்கொருமுறை தளர்த்தவும் வேண்டும்.

குரங்குக்குத் தகரம் போதாது. பலாவைப் பழுக்க விடாமல் பிஞ்சிலும் காயிலும் இறக்கி விற்பது, வாழைக் குலையைச் சாக்கால் மூடி முற்றியவுடன் வெட்டுவது, கூரையைத் தொடும் கிளைகளை அகற்றுவது, சமையற் கழிவைப் புதைப்பது ஆகியவை சிறு வேலைகள்தான். குரங்கு அதிகம் நாடாத மஞ்சளையும் இஞ்சியையும் காட்டோரப் பக்கத்தில் நட்டு, சோளம், மரவள்ளி போன்றவற்றை வீட்டுக்கு அண்மையில் கொண்டுவந்த குடும்பங்களை நாம் கண்டோம்.

காவல் இல்லாமல் இவையும் முழுப்பலன் தரா. கூட்டம் வருவது பெரும்பாலும் காலையிலும் பின்னேரத்திலும். ஒரு வீட்டார் விரட்டினால் அடுத்த வளவுக்குப் போகும், அவர் விரட்டினால் இங்கே திரும்பும். எட்டுப் பத்து வீட்டார் முறைவைத்துக் காவலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே திசையில், காட்டுப் பக்கமாக விரட்டுவது வேறு. சிங்கள அயலவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் பலாவும் அதே கூட்டத்துக்குத்தான் போகிறது. எந்தத் திகதியில் எத்தனை காய் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், கமநல சேவை நிலையத்துக்குப் பத்துப் பேராகப் போகும்போது கையில் ஏதாவது இருக்கும்.

விரட்டும்போது குரங்கை மூலையில் மடக்கவேண்டாம், ஓட வழிவிடுங்கள். மடங்கியதும் காயப்பட்டதும் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, கட்டு எதுவும் போடாமல், அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று விசர்நோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்கவேண்டும்.