லிங்கி ஆற்றைத் தூணின்றித் தாண்டும் பாலம்

தோட்டத்து ஓடைகளுக்கு ஒரு காலத்தில் மரப்பாலமே போதுமானதாக இருந்தது. செங்கால் மரத்தைக் கறையான் எளிதில் தொடாது. உடைந்தாலும் உடனே சரிசெய்துவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி 14 அன்று, இன்றைய மலேசியாவின் கெமாஸ் அருகே கெமெஞ்சே மரப்பாலத்தை ஆஸ்திரேலியப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜப்பானியர் சில மணி நேரத்திலேயே அதைச் செப்பனிட்டுக் கடந்தார்கள்.

ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி நாள்தோறும் ஓடினால் கதை மாறும். மழையும் வெயிலும் மாறி மாறிப் படுவதால், ஆணி அடித்த இடங்களில் மரம் உளுத்துப்போகும். எஃகுப் பாலம் வலுவானது, கான்கிரீட்டுப் பாலத்தைவிட எடையும் குறைவு. ஆனால் இந்த ஈரக் காற்றில் துருப்பிடிக்காமல் காக்க, தொடர்ந்து சாயம் பூசியாக வேண்டும். உட்புறக் கம்பத்தில் அதை யார் தவறாமல் செய்வார்கள்? பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

கான்கிரீட்டுக்குச் சாயம் வேண்டாம். அதன் சிக்கல் எடை. பாலம் நீளமாக ஆக, உத்தரத்தின் வலிமையில் பெரும்பகுதி தன் எடையைத் தாங்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. எடையைப் பகிர ஆற்றுக்குள் தூண் நட்டால், வெள்ளத்தில் வரும் மரங்கள் அதில் சிக்கும், அடிமண்ணும் அரித்துப்போகும்.

ரந்தாவ் அருகே கம்போங் லின்சத்தில் இதற்கு விடை கண்டார்கள். லிங்கி ஆற்றின் மேல் 2010-இல் பொதுப்பணித் துறை கட்டிய அந்தப் பாலம் 50 மீட்டர் நீளம். நடுவில் தூணே இல்லை. உத்தரத்தின் உயரம் 1.75 மீட்டர்தான். மிகு உயர்திறன் கான்கிரீட்டால் ஆனது அது. அதில் ஜல்லிக்கல் கிடையாது. நுண்மணல், சிமெண்ட், சிலிக்காத் துகள், மிகக் குறைந்த நீர். களிமண் சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதுபோல் மெல்லிய எஃகு இழைகளையும் கலக்கிறார்கள். கலவையில் வெற்றிடம் மிகக் குறைவு என்பதால் நீர் எளிதில் உள்ளே புகாது. அழுத்தத்தைத் தாங்கும் திறன் சாதாரணக் கான்கிரீட்டைப்போல் மூன்று நான்கு மடங்கு. அதனால் உத்தரத்தின் சுவர்களை மெல்லியதாக வார்க்கலாம், எடையும் குறைகிறது. ஆலையில் துண்டு துண்டாக வார்த்து, லோரியில் கொண்டுவந்து, எஃகு வடங்களால் இறுக்கி ஒரே உத்தரமாக்கினார்கள்.

ஒரு கனமீட்டர் விலையை மட்டும் பார்த்தால் இந்தப் பொருள் தோற்றுவிடும். குறைந்த அளவு, தூண் இல்லாமை, பராமரிப்பு மிச்சம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். லின்சத்துக்குப் பிறகு மலேசியாவில் இவ்வகைப் பாலங்கள் நூற்றுக்கு மேல் எழுந்துவிட்டன. பேராக் மாநிலம் கெரிக்கிலுள்ள பத்து 6 பாலம் 100 மீட்டரை ஒரே வீச்சில் தாண்டுகிறது.