குடித்தவருக்கும் மருத்துவமா?



2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் அருந்தியோர் பலர், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியிலுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "ஹராமைத் தேடிக் குடித்தவனுக்கு அரசுப் பணத்தில் வைத்தியமா?" என நம்மிலும் சிலர் கேட்கின்றனர்.

மருத்துவர் அவ்வாறு கேட்கலாகாது. அச்சாராயத்திலிருந்த மெத்தனால் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைச் சிதைக்கும். தாமதித்தால் உயிரையே பறிக்கும். நடத்தையை விசாரிக்கும் நேரத்தில் பார்வை போய்விடும். பொறுப்பு மருத்துவர் முகம் சுளித்தால், செவிலியரும் ஊழியரும் அவ்வாறே சுளிப்பர். தலைமைக்குரிய அமானிதம் அங்கேதான் இருக்கின்றது.

வியப்பு யாதெனில், இவ்விஷத்திற்கு முறிவாகத் தரப்படுபவற்றுள் ஒன்று எத்தனால், அதாவது மதுவின் சாரமே! ஈரலின் நொதியை அது முந்திப் பற்றிக்கொள்வதால் மெத்தனால் விஷமாக மாறுவது தடைபடும். ஃபோமெபிசோல் கிடைத்தால் அதுவே மேலானது. கிடைக்காவிடில்? ஹராமானதைக் கொண்டு மருத்துவம் செய்வதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நிர்ப்பந்தத்திற்குச் சலுகை தரும் அல்பகரா 173ஆம் வசனத்தை ஆதாரமாகக் கொண்டு, மாற்று மருந்து இல்லாதபோது உயிர் காக்க அனுமதிப்போர் உளர்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையே குடித்துவிட்டுக் கண் மங்குகிறது என்றால், ஜமாஅத்தார் அறிவார்களே என்றஞ்சி வயிற்றுவலி என்று சொல்லாதீர்கள். எதை, எப்போது, எவ்வளவு குடித்தான் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே அமையும்.