உங்களுக்குத் தெரியுமா? மளிகைக் கடைக்கு மேலே ஒரு பனித்தளம்!

டொராண்டோவின் ‘மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்’ உள்ளரங்கம் 1931இல், உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, ஏறக்குறைய ஐந்தே மாதங்களில் எழுந்தது. பணம் போதாததால் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பகுதியை நிறுவனப் பங்குகளாகவே வாங்கிக்கொண்டார்கள். பனி ஹாக்கிக்காகக் கட்டியதுதான். ஆனால் 1964இல் பீட்டில்ஸ் பாடியதும், 1966இல் முகமது அலி ஜார்ஜ் சுவாலோவுடன் 15 சுற்று மோதியதும் இங்கேதான். 1999இல் இங்கே ஆடிவந்த மேப்பிள் லீஃப்ஸ் ஹாக்கி அணி இதைவிடப் பெரிய புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடம் தளர்ந்துவிடவில்லை, கூடுதல் இருக்கைகளும் சொகுசுத் தனியறைகளும் தரும் வருமானத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

2004இல் லோப்லாஸ் என்ற மளிகைக் கடை நிறுவனம் பழைய அரங்கை வாங்கியது. 2011இல் கீழ்த்தளத்தில் பல்பொருள் அங்காடி திறந்தது; மறு ஆண்டே அதே குவிமாடத்தின் கீழ், மேல்தளத்தில், பல்கலைக்கழக விளையாட்டு மையமும் பனித்தளமும் வந்தன. வரலாற்றுச் சின்னத்தில் காய்கறி விற்பதா என்ற வருத்தம் நியாயமானது. பழைய இருக்கை வரிசைகள் போனது உண்மையான இழப்பே. ஆனால் இதே போன்ற பழைய ஹாக்கி அரங்கான பாஸ்டன் கார்டன் 1998இல் இடிக்கப்பட்டு மண்ணோடு போனதை நினைத்துப் பாருங்கள். இங்கே பிழைத்தது வெறும் முகப்பு மட்டுமல்ல, விளையாட்டும்தான். நடுவில் தூணே இல்லாத கூரையும், சுரங்க ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இடமும் அதற்குக் கைகொடுத்தன. பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில், கடையின் தரையில், இன்றும் ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது.