ஜேர்மன் பராமரிப்பு இல்லம்: புள்ளிகளை வாசிப்பது எப்படி?

ஜேர்மனியில் பிள்ளை வளர்த்த எல்லாருக்கும் தெரியும், இங்கே பள்ளிக்கூடத்தில் ‘1’தான் மிகச் சிறந்த புள்ளி. அந்தப் பழக்கத்தையே முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் கொண்டுவந்தார்கள். 2009இல் தொடங்கிய அந்த முறையில், பரிசோதகர்கள் நேரில் வந்து பார்த்து, 1 முதல் 5 வரை புள்ளி போட்டு, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். காருக்குச் செய்யும் ட்யூஃப் பரிசோதனையை நினைத்து, சனம் அதை ‘ஃப்ளேக ட்யூஃப்’ (பராமரிப்பு ட்யூஃப்) என்று சொன்னது. சில ஆண்டுகளில் நாடு முழுவதன் சராசரி 1.2 அளவில் வந்து நின்றது. அந்த வகுப்பில் எல்லாருமே முதலாம் பிள்ளை.

எப்படி என்று பார்த்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். படுக்கைப்புண் வராமல் தடுத்தார்களா என்பது ஒரு கேள்வி. உணவுப் பட்டியல் வாசிக்கக்கூடிய எழுத்தில் தொங்குகிறதா என்பது இன்னொரு கேள்வி. முன்னதில் விட்டதைப் பின்னதில் பிடித்துவிடலாம். போதாததற்கு, கோப்பில் எழுதியிருந்தால் வேலை நடந்ததாகவே கணக்கு. முதுகைத் திருப்பிப் படுக்கவைப்பதைவிடத் திருப்பியதாக எழுதுவது சுலபம்.

அந்த முறையைக் கைவிட்டு, 2019 நவம்பர் 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. பீலஃபெல்ட் பல்கலைக்கழகமும் கோட்டிங்கனில் உள்ள ஆக்வா நிறுவனமும் சேர்ந்து வகுத்தது. இதில் ஒட்டுமொத்தப் புள்ளி என்று ஒன்றே இல்லை. ‘எந்த ஹைம் (இல்லம்) நல்லது என்று ஒரு எண்ணில் சொல்லுங்கோவன்’ என்று கேட்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கோ இதில் பிடித்ததே அதுதான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததையும் பாட்டுக் கச்சேரி நடந்ததையும் கூட்டிச் சராசரி எடுக்க இப்போது வழியில்லை.

புதிய அறிக்கையில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, இல்லமே அரையாண்டுக்கு ஒருமுறை திரட்டி அனுப்பும் தரவு. அங்கு வாழும் ஒவ்வொருவரைப் பற்றியும் அனுப்பவேண்டும். கடந்த ஆறு மாதத்தில் படுக்கைப்புண் புதிதாக வந்ததா? விழுந்து பலத்த காயம் பட்டதா? நினையாத விதமாக உடல் எடை பத்து வீதத்துக்கு மேல் குறைந்ததா? நடமாட்டம் முன்போலவே இருக்கிறதா? பெல்ட்டால் கட்டினார்களா, கட்டிலின் பக்கச் சட்டத்தை ஏற்றி வைத்தார்களா? நோவு எவ்வளவு என்று அண்மையில் மதிப்பிட்டார்களா? இந்த விடைகளை மற்ற இல்லங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டப் புள்ளிகளாகப் போடுவார்கள். ஐந்து என்றால் சராசரியைவிட மிக நல்லது, மூன்று என்றால் ஏறத்தாழச் சராசரி, ஒன்று என்றால் மிக மோசம். பள்ளிக்கூடப் புள்ளிக்கு நேர்மாறு. ஒன்றைக் கண்டு மகிழ்ந்துவிடவேண்டாம்.

இரண்டாவது பகுதி வெளியாரின் பரிசோதனை. சுகாதாரக் காப்புறுதி நிதியங்களுக்காகப் பணியாற்றும் ‘மெடிசினிஷர் டீன்ஸ்ட்’, சுருக்கமாக எம்டே, பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை வரும். பத்தில் ஒரு பரிசோதனையைத் தனியார் காப்புறுதிகளின் கேர்ப்ரூஃப் செய்யும். வழமையான பரிசோதனையை முன்கூட்டி அறிவித்துவிட்டே வருவார்கள். அந்த இடைவெளியில் தரையைக் கழுவலாம், திரைச்சீலையை மாற்றலாம். ஆறு மாதமாகக் குறைந்த எடையை ஏற்ற முடியாது. ஒன்பது பேரைத் தெரிந்தெடுத்து ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். அவர்களில் மூன்று பேரை அன்றே, அங்கேயே, குலுக்கல் முறையில் எடுப்பார்கள். கண்டதை நான்கு படியில் குறிப்பார்கள்: குறையில்லை, குறை உண்டு ஆனால் அவருக்குத் தீங்கில்லை, தீங்கு வரக்கூடும், தீங்கு வந்துவிட்டது. இதன் முடிவு சிறு சதுரங்களாக வெளிவரும். நான்கு சதுரமும் நிறைந்திருந்தால் குறையே இல்லை அல்லது சொற்பம். ஒன்று மட்டும் நிறைந்திருந்தால் கடுமையான குறை. இவ்வளவும் இணையத்தில் இலவசம். காப்புறுதிகள் நடத்தும் ‘ஃப்ளேகலோட்ஸ’, ஏஓகே காப்புறுதியின் ‘ஃப்ளேக நாவிகாட்டோர்’ இரண்டிலும் ஊர்ப் பெயரைக் கொடுத்துத் தேடலாம்.

இனி வாசிக்கும் விதம். எந்த வரியையும் தனியாக வாசிக்கக்கூடாது.

விழுந்து காயப்படுவோர் குறைவு என்று ஐந்து புள்ளி வாங்கிய இல்லத்தை எடுங்கள். நல்ல இல்லமாக இருக்கலாம். எழும்பவே விடாத இல்லமாகவும் இருக்கலாம். கதிரையில் இருத்தி முன்னால் மேசையை நெருக்கி வைத்தால் யார் விழப்போகிறார்கள்? ஆகவே விழுதல் வரியோடு நடமாட்ட வரியையும் பெல்ட், பக்கச் சட்ட வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். விழுவதும் குறைவு, கட்டுவதும் குறைவு, நடமாட்டமும் நல்லது என்றால் அங்கே ஆட்கள் மினக்கெட்டு வேலை செய்கிறார்கள். விழுவது குறைவு, ஆனால் நடமாட்டத்துக்கு இரண்டே புள்ளி என்றால் நேரில் போய்க் காரணம் கேளுங்கள்.

இந்தக் கட்டும் விசயத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஜேர்மன் சட்டப்படி, ஒருவரைப் பெல்ட்டால் கட்டுவதும், அவர் விருப்பத்துக்கு மாறாகப் பக்கச் சட்டத்தைத் தொடர்ந்து ஏற்றி வைப்பதும் சுதந்திரத்தைப் பறிப்பது. அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ‘அம்மா விழுந்திடுவா, கட்டி வையுங்கோ’ என்று மகன் சொன்னாலும் போதாது. 2007இல் பவேரியாவின் கார்மிஷ்-பார்டென்கிர்ஷென் நீதிமன்றத்தில் ‘வெர்டென்ஃபெல்ஸ் வழி’ என்று ஒரு நடைமுறை தொடங்கியது. தாதிமை தெரிந்த ஒருவர் நீதிபதிக்காக அந்த இல்லத்துக்கே போய், தாழக்கூடிய கட்டில், கட்டிலருகே மெத்தை, இடுப்புக்குப் பஞ்சு வைத்த உள்ளாடை என்று வேறு வழி இருக்கிறதா என எல்லாரோடும் பேசிப் பார்ப்பார். அது நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. நீங்கள் பார்க்கப்போகும் இல்லத்தில் ‘எத்தனை பேருக்குப் பெல்ட்?’ என்று கேளுங்கள். ‘ஒருவருக்கும் இல்லை’ என்று உடனே பதில் வந்தால் நல்லது. ‘அது உறவினர் விருப்பம்’ என்று வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது எடை. மூன்றே நாளில் கண்ணுக்குத் தெரியாத குறை இது, ஆனால் மிகவும் நம்பகமான அடையாளம். ஜேர்மன் இல்லங்களில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் பாணும் சீஸும். அதையும் மாலை ஐந்தரை, ஆறு மணிக்கே வைத்துவிடுவார்கள். அறுபது வருடம் இரவு எட்டு மணிக்குச் சூடாகப் பிட்டோ இடியப்பமோ சாப்பிட்டவர் அந்தத் தட்டை அப்படியே திருப்பி அனுப்புவார். பிறகு விடியும்வரை வெறும் வயிறு. ஆகவே பகல் பதினொரு மணிக்குப் போய் வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வராதீர்கள். மாலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. ஆள் குறைவான நேரத்தில்தான் ஒரு இல்லத்தின் உண்மை தெரியும். ஊட்டவேண்டியவருக்குப் பக்கத்தில் இருந்து ஊட்டுகிறார்களா, நின்றுகொண்டே ஊட்டுகிறார்களா? தொடாத தட்டை எடுக்கும்போது ஏன் என்று கேட்கிறார்களா? படுத்திருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர்க் கோப்பையும் அழைப்பு மணியும் இருக்கின்றனவா? மூக்குக்கண்ணாடி முகத்தில் இருக்கிறதா, மேசை லாச்சிக்குள்ளா? இரவில் பசித்தால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டுவிடுங்கள்.

பேச்சோடு பேச்சாக ஆள்பலத்தையும் விசாரிக்கலாம். இரவில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார்? வாடகைக்கு வரும் தாதியர் எவ்வளவு? தினமும் புது முகம் வந்தால், அப்பா இடது பக்கம் திரும்பினால் முனகுவார் என்பது யாருக்குத் தெரியும்? பொதுவாக இல்லத்துக்கென்று வைத்தியர் இருப்பதில்லை, வெளியிலிருந்துதான் வருவார். பழைய குடும்ப வைத்தியர் அங்கே வருவாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பராமரிப்புக் காப்புறுதி 1995 முதல் இருக்கிறது. அது தருவது ஒரு பகுதி மட்டுமே. பராமரிப்புத் தேவையின் அளவு தரம் 3 என்றால் 2025 முதல் மாதம் 1319 யூரோ. மிச்சம் உங்களுடையது. 2025 தொடக்கத்தில், முதல் ஆண்டில் இருப்பவரின் பங்கு சராசரியாக மாதம் 3000 யூரோவை ஒட்டி வந்தது. ஆண்டு செல்லச் செல்லப் பராமரிப்புச் செலவுக்கான பங்கில் காப்புறுதியின் மேலதிக உதவி 15, 30, 50, 75 வீதம் என்று ஏறும். கட்ட முடியாதவருக்கு சமூக உதவி உண்டு. பிள்ளையின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டினால் ஒழிய அவரிடம் கேட்கமாட்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றே: விலையில் கட்டடத்துக்கான செலவும் ஒரு பங்கு. பளிங்குத் தரைக்குக் கொடுக்கும் காசு கவனிப்புக்குப் போகாது.

அறிக்கை எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதற்கு பவேரியாவின் ஷ்லியர்சே ஒரு சாட்சி. 2020இல் அங்கிருந்த முதியோர் இல்லத்தில் கொரோனா பரவியபோது உதவிக்குப் போன ராணுவத்தினர் உள்ளே கண்ட நிலை வெளியே வந்தது. அரசு வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். 2021இல் அந்த இல்லம் மூடப்பட்டது. ஆகவே குறை கண்டால் அடுத்த பரிசோதனை வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் இல்லப் பொறுப்பாளரிடமும் குடியிருப்போர் குழுவிடமும் சொல்லுங்கள். அசையாவிட்டால் ‘ஹைம் அவுஃப்ஸிஷ்ட்’ என்ற அரசு மேற்பார்வையிடமும் உங்கள் பராமரிப்புக் காப்புறுதியான ஃப்ளேககாஸேயிடமும் எழுத்தில் கொடுங்கள். முறைப்பாட்டுக்காக வரும் பரிசோதனைக்கு முன்னறிவிப்பு இல்லை. மேற்பார்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயரில் இருக்கும், பவேரியாவில் அதை எஃப்கியூஏ என்பார்கள். பொன் நகரில் 1974 முதல் இயங்கும் பீவா என்ற சங்கம் குடியிருப்போர் உரிமைக்கு ஆலோசனை தருகிறது.

முடிவெடுக்கத் தயக்கம் என்றால் ‘குர்ட்ஸைட்ஃப்ளேக’ என்ற குறுகியகாலப் பராமரிப்பு இருக்கிறது. ஆண்டுக்கு எட்டுக் கிழமைவரை இல்லத்தில் தங்கலாம், காப்புறுதி உதவும். அறிக்கை எதுவும் சொல்லாததை அந்தச் சில கிழமைகள் சொல்லிவிடும். நிரந்தரமாகப் போனபிறகும் முதல் இரண்டு கிழமைக்குள் முன்னறிவிப்பின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

எண்பதுகளில் அகதியாக வந்த தமிழ்த் தலைமுறை இப்போது ஓய்வூதிய வயதில். அவர்களில் சிலர் இதே இல்லங்களில் தாதிமை உதவியாளராக வேலை செய்தவர்கள். மறதி நோய் வந்தால் பெரும்பாலும் பிந்திப் படித்த மொழிதான் முதலில் போகும். ஜேர்மன் போய்விட்ட ஒருவருக்கு எங்கே நோகிறது என்று கண்டுபிடிக்கத் தாதியர் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்பதைப் பார்த்துப் புள்ளியிடும் அட்டவணையைப் பாவிக்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் ‘ஐயோ, அம்மா’ என்பது நோவா பிரார்த்தனையா என்று அட்டவணைக்குத் தெரியாது.

சேர்ந்த முதல் சில கிழமைக்குள் ‘இன்டெக்ராட்சியோன்ஸ்கெஷ்ப்ரேஷ்’ என்ற உரையாடலை இல்லம் நடத்தவேண்டும். நடத்தினார்களா என்பதற்கும் அறிக்கையில் ஒரு வரி உண்டு. அதற்குக் கட்டாயம் போங்கள். பிடித்த பாட்டு, பிறந்த ஊர் என்பதோடு நின்றுவிடாமல், வலது கையால் சாப்பிடுவார், தலையில் தண்ணீரைக் கோப்பையால் ஊற்றினால்தான் குளித்ததாக நினைப்பார், ஆண் தாதி கழுவினால் கூசுவார் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். பத்துச் சொல்லை ஜேர்மன் எழுத்தில், பொருளோடு, கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தண்ணி, பசிக்குது, குளிருது, வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், நோகுது.