நாய்க்குட்டிக்கு என்ன சாப்பாடு போடுவது?

லயத்துப் பிள்ளைகள் ஆசையாய் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பத்து நாளில் வயிற்றோட்டம் வந்து அது செத்துப்போகும். "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம். நோயால் சாவதும் உண்டு. ஆனால் நாம் போடும் சாப்பாட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கண் திறந்ததும் குட்டியைப் பிரிக்காதீர்கள். 8 வாரமாவது தாயோடு இருக்கட்டும். வந்தவுடன் பால்மா கரைத்து ஊற்றுவது நம் வழக்கம். பசும்பாலோ பால்மாவோ கூடிப்போனால் குட்டிக்கு வயிறு கழியும். தேத்தண்ணி வேண்டவே வேண்டாம், அது நாய்க்கு ஆகாது. ரொட்டியோடு சம்பலைப் பிசைந்து போடுவதும் தவறு. உறைப்பு மட்டுமல்ல, அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

வெறும் சோறு வளரும் குட்டிக்குப் போதாது. இதற்கென்று தனிச் சமையலும் தேவையில்லை. கறிக்கு வெங்காயம், உப்பு, தூள் போடுமுன் ஒரு துண்டு மீனை அவித்து, முள் எடுத்து, குழைந்த சோற்றில் பிசையுங்கள். மீன் இல்லாத நாளில் அவித்த முட்டை. கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும்.

3 மாதம் வரை நாளைக்கு 4 தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மலைக்குப் போகும் அம்மாமார் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு வேளை போடலாம். மற்றதை வீட்டிலிருக்கும் பாட்டியிடம் சொல்லி வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வயிறு பானைபோல் இருந்தால் கொழுப்பு என்று சந்தோஷப்படாதீர்கள், பூச்சியாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். மிருக வைத்தியரிடம் பூச்சி மருந்து கேளுங்கள். வயிறு கழிந்து குட்டி சுருண்டு படுத்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள்.