உடையும் உண்மையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், நம்மில் பலர் ஆசிரியர் வேலை என்பர். சிலர் வங்கி வேலை என்பர். இராணுவ அதிகாரி என்று சொல்வோர் அரியர். சொல்லத் துணிந்தவரும், "அங்கே போய் நிற்க நம்மிடம் உடுப்பு ஏது?" என்று தயங்குகின்றனர். கீழவைப்பாரில் சங்கு குளிப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கும் அத்தயக்கம் உண்டு. அதனால் விசாரித்து அறிந்தவற்றை எழுதுகிறேன்.

ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் வென்றவரும், தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் வழியாக விண்ணப்பித்துத் தெரிவானவரும் பணித் தேர்வு வாரியத்தின் முன் நிற்க வேண்டும். பெங்களூரிலும் அத்தகைய வாரியம் உண்டு. தேர்வு ஐந்து நாட்கள். அதில் வென்று, உடல் தகுதியும் பெற்று, தரவரிசையில் இடம் பிடித்தவர்கள் 1932இல் தொடங்கிய டேராடூன் பயிற்சிக் கழகத்துக்கோ, 1963இல் தொடங்கிய சென்னைப் பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்துக்கோ செல்வர். பரங்கிமலையில் 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகின்றனர்.

உடுப்புக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெளிர்நிறச் சட்டை, அடர்நிறக் கால்சட்டை, பெல்ட், பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ போதும். பெண்கள் சேலையோ சல்வாரோ அணியலாம். களப் பணிகளுக்கு வெள்ளை பனியன், அரைக்கால்சட்டை, கான்வாஸ் ஷூ. முடி வெட்டி, நகம் களைந்திருக்க வேண்டும். புது ஷூவைப் பத்து நாள் முன்பே போட்டுப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தடை தாண்டும் அன்று காலைக் கடிக்கும்! அங்கே ஒவ்வொருவரும் எண் எழுதிய துணியை அணிகின்றனர். செல்வர் மகனும் எண்தான். மீனவர் மகனும் எண்தான்.

எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் இரவல் கோட்டுடன் போனார். முதல் நாள், ஒரு படத்தை முப்பது விநாடி பார்த்துக் கதை எழுதி, பின் குழுவில் அதைச் சொல்ல வேண்டும். "தோள் தொங்கிய கோட்டை இழுத்து விடுவதிலேயே என் கவனம் போயிற்று, தம்பி" என்றார். அன்று மாலையே திரும்பும் ரயில் ஏறினார்.

இரவல் கோட்டிலும் கெட்டது இரவல் பேச்சு. தகவல் படிவத்தில் தந்தையின் தொழிலை எழுத வேண்டும். 'வியாபாரம்' என்று எழுத எனக்கும் ஆசை வந்ததுண்டு. ஆனால் உளவியலாளர், களப் பணி அதிகாரி, நேர்முகம் காணும் அதிகாரி ஆகிய மூவரும் நம்மைத் தனித்தனியே மதிப்பிட்டு, ஐந்தாம் நாள் ஒன்றுகூடி ஒப்பிடுகின்றனர். ஓரிடத்தில் போட்ட வேடம் இன்னோரிடத்தில் கலைந்துவிடும். 'என்ன வியாபாரம்?' என்ற இரண்டாவது கேள்விக்கே நான் விழிப்பேன்.

'சங்கு குளிப்பவர்' என்று எழுதினாலோ, எத்தனை கேள்வியும் கேட்கட்டும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இரு மடங்கு என்பதை நான் வகுப்பில் படித்தேன். என் அப்பா அதைக் காதுவலியில் படித்தார். இரண்டையும் சொல்ல என்னால் முடியும்.

ஆகவே நண்பர்களே, சட்டையை நன்றாகத் தேய்த்துப் போடுவோம். பிறந்த வீட்டை மட்டும் மறைக்காமல் போவோம்.