விழுந்த புரோசஸை ஆர் எழுப்புறது?

பல்லரோ சந்தைப் பக்கம் ஒரு கடைக்கு வேலை செய்யிறன். ஓர்டர் எடுக்கிற புரோசஸ் இரவிலை விழுந்தால், காலமை கடை திறக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குள்ளை வந்த ஓர்டர் எல்லாம் போச்சு.

இதைக் காவல் காக்கத் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. லினக்ஸில் 2010இல் வந்த சிஸ்டம்டி இருக்கு. சர்வீஸ் ஃபைலில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' எண்டு எழுதினால், பிழையோடை விழுந்ததை அதுவே எழுப்பும். நீங்கள் ஸ்டாப் குடுத்தால் எழுப்பாது.

கன பேர் இதோடை விட்டிடுவினம். சிக்கல் இனித்தான். வேறை ஒண்டும் சொல்லாவிட்டால் சிஸ்டம்டி 100 மில்லிசெகண்டில் திரும்பத் தொடக்கும். 10 செகண்டுக்குள் 5 தரம் தொடக்கியும் நிக்காவிட்டால் கைவிட்டிடும். டேட்டாபேஸ் எழும்ப 20 செகண்ட் எடுக்குது எண்டு வையுங்கோ. அது இல்லாமல் உடனே விழுற புரோசஸ், அஞ்சு வாய்ப்பையும் ஒரு செகண்டிலை முடிச்சிடும். பிறகு டேட்டாபேஸ் வந்தும் பிரயோசனமில்லை.

அதனால் 'ரீஸ்டார்ட்செக்=5' எண்டும் போடுங்கோ. 10 செகண்டில் மூண்டு தரத்துக்கு மேல் போகாது, முயற்சி நிக்காது. (ஏன் விழுந்தது எண்டு ஜேர்னல்சிடிஎல்லில் பார்க்கிறது உங்கட வேலை, அதின்ரை வேலை இல்லை.)

மாத்தினதும் 'டீமன்-ரீலோட்' குடுங்கோ. பிறகு 'கில் -9' அடிச்சு நீங்களே ஒருக்கா விழுத்திப் பாருங்கோ. வெறும் 'கில்' சரிவராது: அதைப் பெரும்பாலும் ஒழுங்காக முடிஞ்சதாகத்தான் சிஸ்டம்டி கணக்கெடுக்கும்.